என் முன்னிலையில்

அந்தக் கட்டைவிரலில் மை சரியாக ஒட்டவே இல்லை. இரண்டு முறை மைப்பட்டையில் அழுத்தித் தாளில் உருட்டியும் வெடிப்புகள்தான் பதிந்தன, ரேகை பதியவில்லை. போளூரில் என் அலுவலகத்துக்குக் கீழே சாலையோரம் நின்ற ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் ஏறி, முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். வைக்கோல்மேல் விரித்த போர்வையில் கிடந்தவரின் கை என் கையில் இருந்தது. மூன்றாவது முறை அவர் விரலை என் முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தபோது ரேகை விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வானத்தைப் பார்த்திருந்தார். வலி விரலில் இல்லை, இடுப்பில்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அவர் மனைவி என் அறைக்கு வந்தார். மலைமேல், ஜமுனாமரத்தூருக்கும் அப்பால் ஒரு சிற்றூர். கொஞ்சம் சாமை, நான்கைந்து புளியமரம். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றே அழைத்தேன். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆனால் பள்ளிச் சான்றிதழில் அப்பாவுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர், சாதிச் சான்றிதழில் ஆதாரில் உள்ள பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அப்பாவே உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, அதில் நோட்டரி வக்கீலான என்னிடம் முத்திரை வாங்கி, அந்த வாரத்துக்குள் கல்லூரியில் சேர்க்க வேண்டும்.

"அவரு படுத்த படுக்கையா கீறாருங்க வக்கீலம்மா. புளி உலுக்க ஏறி வுழுந்துட்டாரு, இடுப்பு எலும்பு போய்டுச்சி. நான் வெச்சா ஆவாதா கைநாட்டு?"

"ஆகாதுக்கா. உறுதிமொழி குடுக்கறவரு என் முன்னாடி வரணும். அது சட்டம்" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. வராத ஆளுக்கு முத்திரை குத்திக் கொடுத்த ஒருவரின் உரிமம் போனதாக அப்போது கோர்ட்டு வளாகத்தில் பேச்சிருந்தது. எனக்கும் பயம் இருந்தது. ஆனால் ஆள் என் முன்னால் வர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது; என் நாற்காலிக்கு முன்னால் என்று அது எங்கும் சொல்லவில்லை. அரசு எனக்குக் கொடுத்த எல்லை மாவட்டம் முழுவதும். அந்த மலையூரும் அதற்குள்தான் இருந்தது. வெளியே போகும் நோட்டரி பயணப்படி வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட விதிகளில் உண்டு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அக்காவுக்குத்தான் தெரியாது.

என் குமாஸ்தாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் மேஜையருகே குனிந்து, என் காதில் மட்டும் விழும்படி, "மேடம், நாளைக்கி கோர்ட்டு லீவுதான். வண்டி சொல்றேன், மேல போய்ட்டு சாய்ங்காலத்துக்குள்ள வந்துடலாம்" என்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். உண்மையான காரணம் சொல்லவே கூசுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். கிடைத்த ஒரு விடுமுறையை அப்படிக் கழிக்க மனமில்லை. அதைச் சொல்வதைவிடச் சட்டம் என்று சொல்வது எளிதாக இருந்தது. அக்கா அதை நம்பினார். "செரிங்க, எப்பிடியாச்சும் கூட்டினு வர்றோம்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கூட்டிக்கொண்டும் வந்துவிட்டார்கள். மாடிப்படி ஏற்ற முடியாது என்று குமாஸ்தா வந்து சொன்னபோது, பத்திரத்தையும் மைப்பட்டையையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன். அதை ஒரு பெரிய சலுகையாகத்தான் அப்போது நினைத்தேன். பத்திரத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இது உங்க பேருதானா?" என்று இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டேன். இரண்டுக்கும் தலையசைத்தார். ரேகை விழுந்ததும் "பொண்ணு சேந்துடுமா?" என்று மட்டும் கேட்டார். சேர்ந்துவிடும் என்றேன். 'என் முன்னிலையில்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.

மகள் சேர்ந்துவிட்டாள். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, "அந்த மலைக்காரரு போய்ட்டாராம் மேடம்" என்று குமாஸ்தா சொன்னார். ஊர் திரும்பியதிலிருந்து வலியும் காய்ச்சலும் விடவே இல்லையாம். அந்தப் பயணத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று என்னாலும் எனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அடுத்த முறை மலையிலிருந்து ஓர் அழைப்பு வந்தபோது மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். இன்றைக்கும் போகிறேன். ஒவ்வொரு வளைவிலும் வயிறு புரளும்போது, இவ்வளவுதானே, இதற்காகவா என்று தோன்றும்.

போன மாதம் அக்கா மகளோடு வந்தார். மகள் வேலூரில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு ஏதோ ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டியிருந்தது. உட்காரும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"இந்தம்மாதாம்மா. அப்பாவுக்காவ மாடியில இருந்து எறங்கி வந்து, வண்டியில ஏறி, தன் பொடவையால கைய தொடச்சி வுட்டாங்க. எந்த வக்கீலு செய்வாங்க சொல்லு?"

அந்தப் பெண் கைகூப்பினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகள் அக்கா என்னை இப்படித்தான் நினைவில் வைத்திருந்தார் என்பது எனக்குத் தாங்கவில்லை.

"இல்லக்கா. அன்னைக்கு நானே மேல வந்திருக்கலாம். சட்டத்துல அதுக்கு இடம் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சும் நான்தான் வரல."

அக்காவுக்கு உடனே புரியவில்லை. "அதுக்கின்னாங்க, வேலை இருந்திருக்கும்" என்றார். மகளுக்குப் புரிந்தது. எலும்பு முறிந்தவரை எப்படித் தூக்க வேண்டும், எப்படி அசைக்கக் கூடாது என்று படித்தவள். அம்மாவின் பக்கம் திரும்பி, "அப்பா எவ்ளோ நேரம்மா வண்டியில இருந்தாரு?" என்று கேட்டாள்.

"போவ ரெண்டு, வர ரெண்டு, நாலு மணி நேரம் இருக்கும்."

மகள் தன் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். என் முன்னால் கையெழுத்திட்டாள், பதிவேட்டிலும் இட்டாள். முத்திரை காயும்வரை காத்திருந்து, தாளை மடிக்காமல் உறையில் வைத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் மேடம்" என்றாள். அதில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை.

அம்மாவின் கையைப் பிடித்துப் படியில் மெதுவாக இறக்கிக் கூட்டிப்போனாள். அக்கா பாதிப் படியில் நின்று திரும்பி, "வர்றேன் வக்கீலம்மா" என்று சிரித்தார். மகள் திரும்பவில்லை.