மேல் என்று எழுதிய பொட்டலம்

இங்கே ஒரு முட்செடி இருக்கிறது. கோர்ஸ் என்று பெயர். சித்திரை வந்தால் மலைச் சரிவு முழுக்க மஞ்சளாகப் பூத்துவிடும். அந்தப் பூவில் தேங்காய் வாசம் வரும். வந்த முதல் வருடம், காளான் பண்ணையில் ஷிப்டு முடிந்து பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. நம் ஊர்ப் பெண் யாராவது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளும் பூவும்தான். எனக்கு உடனே பயம் பிடித்துக்கொண்டது. இல்லாத வாசம் மூக்கில் வந்தால் மூளையில் கோளாறு என்று எங்கோ கேட்டிருந்தேன். வீட்டுக்குப் போய் மனைவி கலாவிடம் சொன்னேன். அவள் இங்கே நர்ஸ். அவளுடைய வேலையால்தான் நாங்கள் அயர்லாந்துக்கு வந்தோம். அந்தப் பூவுக்கே அதுதான் வாசம், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு கிளையை ஒடித்து வந்து அவள் மூக்கிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நான் ஏகா, கோலார் தங்க வயல்காரன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பல வருடம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தேன். இங்கே காளான் பறிக்கிறேன். லீவு நாளில் படம் வரைகிறேன். மலையும் பூவும் தவிர வேறு எதுவும் எனக்கு வராது. மனிதர்களை வரைந்தால் கண் ஒரு பக்கம் போய்விடும். இந்த ஊர் நூலகத்தில் சனிக்கிழமை தோறும் படம் வரைகிறவர்கள் கூடுகிறோம். நோரா என்ற ஓய்வுபெற்ற டீச்சர் அதை நடத்துகிறார். இந்த வருடம் எல்லோருடைய படத்தையும் நூலகச் சுவரில் மாட்டப் போகிறோம், ஒவ்வொருவரும் ஒரு கார்டில் நான்கு வரி எழுதித் தர வேண்டும் என்றார். இந்தப் படம் வரைய எது உங்களைத் தூண்டியது, அவ்வளவுதான் கேள்வி. ஒருவர் தன் தோட்டத்து மழை என்று எழுதினார். இன்னொருவர் அம்மாவின் ரோஜா என்று எழுதினார். என் கார்டு மூன்று வாரமாகச் சட்டைப் பையில் கசங்கிக்கொண்டிருக்கிறது. நான்கு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். ஊரில் என் கூடப்பிறந்த வள்ளியக்கா இதைப் படிப்பாள். அவளிடம் நான் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

எங்கள் வீடு நந்திதுர்க் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. என் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், பூமிக்கு அடியில் கல் உடைத்தவர். காலை ஷிப்டு என்றால் விடிவதற்கு முன்னால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுவார். மத்தியானம் மேலே வருவார். வீட்டுக்கு வந்ததும் சோறு கேட்க மாட்டார். வாசலில் பழைய எண்ணெய் டின்களில் அவர் வைத்திருந்த டேலியாவுக்கும் சாமந்திக்கும் கோழிக்கொண்டைக்கும் எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது. அம்மா தட்டை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து கூப்பிட்டால், "இரும்மா, கண்ணுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்பார். மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி. கீழே விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் ஒரே நிறம்தான், அதிலேயே எட்டு மணி நேரம் கிடந்த கண் வெளியே வந்தால் தாகமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. டின்னில் பூ இல்லாத மாதத்தில் அவர் முகமே சரியிருக்காது. அப்படி ஒரு மாதத்தில்தான் பழைய காலண்டரின் பின்பக்கம் ஒரு டேலியாவை வரைந்து டின்னில் குச்சி நட்டு மாட்டி வைத்தேன். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். நைனா வந்தார், பார்த்தார், பெட்டியைப் போட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தார். நோரா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். ஆனால் இது பாதி பதில்.

மீதிப் பாதி சயனைட் மேடு. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்திலிருந்து வந்த கல்லை மில்லில் மாவாக அரைத்து, சயனைட் ஊற்றித் தங்கத்தைப் பிரித்த பிறகு, மிஞ்சிய மாவைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நூறு வருடம் கொட்டினால் மலையாகத்தானே ஆகும். அடிவாரத்தில் ஆவாரம் பூ மஞ்சளாக நிற்கும், அதற்கு மேலே புல் பூண்டு கிடையாது, மொட்டை வெள்ளை. மழை அறுத்த பள்ளங்களில் மட்டும் நிறம் நிறமாகக் கோடு தெரியும். ஆடிக் காற்று அடித்தால் அந்த மாவு எழும்பி ஊர் முழுக்க இறங்கும். துணி காயப்போட முடியாது, சோற்றைத் திறந்து வைக்க முடியாது. அந்த மாவையே கொஞ்சம் எடுத்து மைதா பசையில் குழைத்து, மேட்டைப் படம் வரைந்து, அந்தப் படத்து மேட்டின் மேலேயே பூசினேன் ஒருமுறை. பெயின்டில் வராத நிறம் அதில் வந்தது, வெயிலில் லேசாக மின்னியது. விஷ மண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்தாயா என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நைனாதான் படத்தை வாங்கிப் பார்த்து, கலர் சரியாக வந்திருக்கிறது என்றார். எனக்குப் பதினான்கு வயதில் சுரங்கத்தை மூடினார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் பெயின்ட் வேலைக்குப் போனேன். அம்மா சில வருடத்தில் போய்விட்டாள். நைனாவை அக்கா அதே லைனில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவர் நெஞ்சில் கல் தூசி இருந்தது. நாலு அடி வேகமாக வைத்தால் இரைக்கும்.

இங்கே வந்த பிறகு ஞாயிறு தோறும் வீடியோவில் படங்களைக் காட்டுவேன். எல்லாம் இந்த ஊர் மலை, இந்த ஊர் கோர்ஸ் பூ. போன ஆனி மாதம் நைனா சொன்னார்: "இன்னா ஏகா, எப்பப் பாரு பச்சையே போடற. நம்ம மேட்ட எப்பப் போடுவ?" அதற்காகவே மேட்டை வரைந்தேன். அடிவாரத்து மஞ்சள் வந்தது. மேலே வெள்ளை வரவில்லை. நாலு விதமாகக் கலந்து பார்த்தேன். அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "சாம்பல் மாதிரி கீதுடா. நம்ம மேடு அப்டியா கீது?" என்றார். நான் அக்காவிடம் சொன்னேன், அடிவாரத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து வையக்கா, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு, பசையில் குழைத்துப் பூசினால்தான் சரியாக வரும் என்று. சொன்னது அக்காவிடம்தான். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அடுத்து நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும், அவள் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நைனா இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக வந்து நின்றார். கையில் மூன்று பால் கவர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு காகிதம் ஒட்டி கீழ், நடு, மேல் என்று பேனாவால் எழுதினார். அடிவாரத்தில் எடுத்தால் போதாதா, இந்தக் காற்றில் எதற்கு ஏறினாய் என்று அக்கா சத்தம் போட்டிருக்கிறாள். அதற்கு அவர், "கீழ கீறது வெள்ளக்காரன் காலத்து மண்ணும்மா. எங்க ஷிப்டு மண்ணு மேலதான் கீது" என்றாராம். கடைசியாகக் கொட்டியது மேலேதானே இருக்கும். தான் உடைத்த கல்லின் மாவு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தோன்றவேயில்லை. மண் என்றால் மண் என்று கேட்டுவிட்டேன்.

மறுநாளே இருமல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. கலா உடனே கிளம்புங்கள் என்றாள். எனக்கு இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. கைக்கு வரவில்லை. அது இல்லாமல் போனால் திரும்ப விடுவார்களா, விடாவிட்டால் கலா தனியாக என்ன செய்வாள் என்று இரண்டு நாள் குழம்பினேன். விண்ணப்பித்த காகிதமே போதும் என்று அவள் நாலு முறை சொன்னாள். நான் நாலு பேரிடம் கேட்டேன். கடைசியில் டிக்கெட் போட்டு நான் விமானத்தில் இருந்தபோது நைனா போய்விட்டார். வெயில் காலம் இல்லைதான், ஆனாலும் வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். லைனுக்குள் நுழைந்தபோது வாசலில் கழுவிவிட்ட ஈரம்கூடக் காய்ந்திருந்தது. டின்களில் சாமந்தி பூத்திருந்தது. அக்கா என்னைப் பார்த்து அழவில்லை. உள்ளே போய் மூன்று கவரையும் எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"மண்ணு கேட்ட இல்ல, இந்தா."

காரியம் முடியும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நுரையீரல் ரொம்ப வருடமாகவே போயிருந்தது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக மாமா சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் அவர், யாரையும் புண்படுத்தத் தெரியாதவர். நான் அதைப் பத்துப் பதினைந்து முறை திரும்பக் கேட்டு அவரைப் படுத்தியிருப்பேன். புறப்படுகிற அன்று பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்காவிடமே கேட்டேன், என்னாலதானாக்கா என்று. அவள் என் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே சொன்னாள்: "மேட்டுலேர்ந்து வந்த அன்னிக்கு ரெண்டாவது வாட்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்ட்டாருடா. ஃபாரின்ல எங்க ஷிப்டு மண்ண மாட்டப் போறான் எம்புள்ளன்னு லைன் பூராவும் சொல்லிக்கினு இருந்தாரு. போ, போய் ஒழுங்கா வரை."

அக்கா, இதுதான் உன்னிடம் சொல்லாதது.

மூன்று பொட்டலம் எடுத்துப் போனால் சந்தேகப்படுவார்கள் என்று கீழ், நடு இரண்டையும் உன் அலமாரியிலேயே வைத்துவிட்டு, மேல் என்று எழுதியதை மட்டும் கைப்பையில் வைத்தேன். அது உனக்குத் தெரியும். விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் ஒருவருடைய பையைத் திறந்து ஏதோ ஊறுகாயைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். என் பையிலோ பால் கவரில் வெள்ளை மாவு. இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன்? நமக்கு வாயில் வருகிற ஒரே பெயர் சயனைட் மண். நமக்கு அது மேட்டின் பெயர், சின்ன வயதில் அட்டை போட்டுச் சறுக்கிய இடத்தின் பெயர். அந்த வார்த்தையை அங்கே சொன்னால் என்ன ஆகும்? வேறு பெயர் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அயர்லாந்து அட்டையும் கையில் இல்லை. வரிசையை விட்டு விலகிக் கழிவறைக்குப் போனேன். அங்கிருந்த குப்பைத் தொட்டியில் அதை வைத்தேன். போடவில்லை, வைத்தேன். எழுத்து மேலே தெரியும்படி. ஏன் அப்படி வைத்தேன் என்று தெரியவில்லை. யாராவது எடுத்துப் படிக்கட்டும் என்றா? திரும்பி வந்தபோது என் பையை அவர்கள் திறக்கவேயில்லை. போங்க என்று கையைக் காட்டினார்கள்.

இந்த ஊருக்கு வந்து அந்தப் படத்தை மறுபடி எடுத்தேன். அடிவாரத்து மஞ்சள் அப்படியே இருந்தது. பள்ளங்களின் கோடுகளைப் போட்டேன். மேலே முன்பு பூசியிருந்த சாம்பல் நிறத்தை முழுக்கச் சுரண்டி எடுத்தேன், கித்தான் துணி தெரிகிறவரை. அதற்கு மேல் எந்தப் பெயின்டும் வைக்கக் கை வரவில்லை. வெறும் துணியாகவே விட்டுவிட்டேன். போனில் அக்காவுக்குக் காட்டினேன். ஆவாரம் பூ நல்லா கீது என்றாள். பிறகு வெகுநேரம் பார்த்துவிட்டு, மேல மட்டும் ஏன்டா இன்னும் போடல என்றாள். இன்னும் காயலக்கா என்றேன்.

நோரா படத்தைப் பார்த்ததும் அடிவாரத்து மஞ்சளைக் காட்டி, கோர்ஸ் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்றார். இந்த மலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். என் அப்பா செய்த மலை என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குக் கண் விரிந்தது. எங்கள் சாமிக் கதை என்று எடுத்துக்கொண்டார் போல. மற்றவர்களையும் கூப்பிட்டு, இவர்கள் நாட்டில் அப்பாக்கள் மலையைப் படைப்பார்களாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

இப்போது படம் நூலகச் சுவரில் தொங்குகிறது. கீழே கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. காளான் அறைகளில் இருட்டு, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில்தான் வேலை. ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் பேருந்துக்குக் கால் மணி நேரம் இருக்கும். பக்கத்திலிருக்கும் நூலகத்துக்குப் போய்ப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று ஒரு வயதான மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உச்சியில் பனி அருமையாக இருக்கிறது, வரைந்தது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் ஊர் வெயில் நாடாயிற்றே, அங்கேயும் பனி விழுமா என்றார்.

"ஜூலையில் விழும்" என்றேன். "காற்று அடித்தால் ஊர் முழுக்க விழும். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகிவிடும்."

அவர் ஆச்சரியப்பட்டுத் தலையை ஆட்டினார். அப்படியென்றால் இந்தக் குளிர் உங்களுக்குப் புதிதில்லை, சொந்த ஊர் மாதிரிதான் இருக்கும் என்றார். ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேருந்து போய்விட்டது.