ஆறாவது புள்ளி

பத்தாம் தரத்தில் படிக்கும் மகளுக்கு அன்று எண் கோலம் பாடம். இறப்பர் பால் பிடிக்கும் சிரட்டையைக் கொப்பியில் கவிழ்த்து வட்டம் போட்டிருந்தாள். வட்டத்தின் ஓரத்தில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் சேர்த்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும் என்பது கேள்வி. இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு, மூன்றுக்கு நான்கு, நான்குக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. ஆறு புள்ளிக்கு?

சோறு வடித்துக்கொண்டே முப்பத்திரண்டு என்றேன்.

"எண்ணினா முப்பத்தொண்ணுதாம்மா வருது."

"எங்கயோ ஒண்ண விட்டிருப்ப. திரும்ப எண்ணு."

"மூணு தடவ எண்ணிட்டேன். இதுவரைக்கும் ரெட்டிச்சதுன்னா இனியும் ரெட்டிக்கும்னு சொல்ல ஏலாதாம். ஒரு இடத்துல பொய்ச்சாலே போதும்னு சேர் சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று நாளாக மழை. தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டு இல்லை. பிற்பகலில் எல்லாருடைய போனிலும் மண்சரிவு எச்சரிக்கை வந்தது, வழக்கம்போலச் சிங்களத்தில். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் சிங்களம் பேசாதவர் இல்லை. எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் குறைவு. நான் முன்பள்ளி ஆசிரியை. செய்தி வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள். வாசித்துச் சொன்னதும், என்ன செய்யலாம் என்று என்னையே கேட்பார்கள்.

கடைசிக் காம்பராவில் தனியாக இருந்த அக்கா பையோடு வந்தார். உள்ளே அடையாள அட்டையும் மருந்தும். எச்சரிக்கை வந்தால் போய்த் தங்கும் பள்ளிக்கூடம் மலைக்குக் கீழே இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி.

"போகணுமா டீச்சர்? எறங்கிருவேன். திரும்ப ஏறி வரத்தான் இந்தக் காலு என்னயத் திட்டும்."

நான் யோசித்தேன். அதற்கு முன் நான்கு தடவை இதே செய்தி. நான்கு தடவையும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் ஈரத்தோடு படுத்தோம். நான்கு தடவையும் மலை அப்படியேதான் இருந்தது.

"இதுவும் அப்பிடித்தான் இருக்கும்க்கா. கால நீட்டிப் படுங்க."

"டீச்சரே சொல்லியாச்சு, இந்தக் காலுக்கு இன்னைக்கு லீவு," என்று சிரித்துக்கொண்டு போனார். மகள் கொப்பியிலிருந்து தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஒரு மணித்தியாலம் கூட ஆகியிருக்காது. லொறியில் இருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். லயத்தின் கடைசியில் காம்பரா இருந்த இடத்தில் மண்ணும் வேரோடு வந்த இறப்பர் மரங்களும் கிடந்தன. பக்கத்துச் சுவர் வரை வந்து மண் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில்தான் அக்காவை எடுத்தார்கள். பை கட்டியபடியே பக்கத்தில் இருந்தது. நான் படுக்கச் சொன்ன பிறகும் அவர் அதை அவிழ்க்கவில்லை.

இப்போது நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் இருக்கிறோம். இன்னமும் போனை என்னிடமே நீட்டுகிறார்கள். செய்தியை மட்டும் வாசிக்கிறேன். மகள் வகுப்புக்குப் போன ஒரு நாள் அவள் கொப்பியை எடுத்து, ஆறு புள்ளி வட்டத்தைப் பென்சில் முனையால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு எண்ணினேன். முப்பத்தொன்று.

எட்டாம் நாள் காரியத்துக்குப் பிறகு அக்காவின் மகன் என்னிடம் வந்தார். கொழும்பில் வேலை செய்கிறவர்.

"அம்மா பயந்த ஆளு டீச்சர். ஏன் எறங்காம இருந்தாங்க?"

முழங்கால் வலி என்றேன்.

தலையை ஆட்டினார். "கடைசி வரைக்கும் அம்மாவுக்கு நீங்கதான் டீச்சர் தொணையா இருந்தீங்க," என்று கைகூப்பினார்.