பதிலி கார்டில் ஒரு சென்டர் பார்வர்டு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் எழுபதுகளில் பந்து விளையாடிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மில் அணிக்கு சென்டர் பார்வர்டு யார் என்று. என்னைத்தான் சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குச் சிபாரிசுக்கு ஆள் கிடையாது. இன்றைக்கு என் கொட்டகையில் பதினெட்டுத் தறி ஓடுகிறது. அதில் ஒன்றுகூட அடுத்தவன் தயவில் வந்ததில்லை. தறியைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் நிறைய. என் வலது காலைப் பற்றிக் கேட்பதில்லை. அதனால் காலைப் பற்றி எழுதுகிறேன்.

கரிவலம்வந்தநல்லூரில் அறுவடை முடிந்த வயலில் ஒரு போட்டி நடந்தது. வெறுங்காலோடு ஆடி மூன்று கோல் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நூல் மில் மேனேஜர், மறுநாள் காலை மில் வாசலுக்கு வரச் சொன்னார். போனேன். பதிலி கார்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராத நாளில் அவன் இடத்தில் நிற்பவன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் வாசலில் போய் நிற்கவேண்டும். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு. பந்து விளையாடுபவன் என்பதால் என்னைக் கொஞ்சம் அதிகமாகக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் நிரந்தரம் ஆக்கிவிடுவதாகச் சொன்னார் மேனேஜர். பதினான்கு வருஷம் போனது.

அந்தப் பதினான்கு வருஷமும் எதிர் அணிக் கோல்கீப்பர்கள் என் பெயரைச் சொன்னாலே பயப்படுவார்கள். வலது கால், இடது கால், தலை, எதில் பந்து வந்தாலும் எனக்கு ஒன்றுதான். ராயகிரியில் ஒருமுறை மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் வடிய வடிய, சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு ஆடி ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன். மில் ஆபீசில் கண்ணாடி அலமாரியில் நின்ற கோப்பைகளில் பாதிக்கு மேல் என் கால் கொண்டுவந்தவை. அந்த அலமாரியைத் தாண்டித்தான் நான் தினமும் வேலை இருக்கிறதா என்று கேட்கப் போவேன். பந்தை எந்தப் பக்கம் உதைப்பது என்று தெரியாதவனெல்லாம் மாமன் மச்சான் சொல்லி நிரந்தரம் ஆகிவிட்டான்.

எண்பதுகள் பிறந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. மில்லில் சொல்லியிருந்தது முப்பத்தொன்று. வலது முழங்கால் அப்போதே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. ஒரு ஆட்டம் முடிந்தால் மூன்று நாள் வீங்கிக் கிடக்கும். நடுவில் திடீரென்று பூட்டிக்கொள்ளும். யாருக்கும் காட்டவில்லை. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ டிரில் வாத்தியார் ஒருவர் எங்களுக்கு ஆட்டம் பழக்க வருவார். ஸ்காட்லாந்து தேசத்தில் ஒருவன் இருபது வருஷம் ஒரே அணிக்கு முன்னால் நின்று கோல் போட்டான், நாற்பது வயதில்தான் காலணியைக் கழற்றினான் என்று அவர் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரனுக்கு நாற்பது என்றால், வெயிலில் வளர்ந்த எனக்கு நாற்பத்தைந்து என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவன் முழங்காலைப் பற்றி வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் அணிக்கு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு இளவட்டம் வந்தான். இருபத்தொரு வயது. காற்று மாதிரி ஓடுவான். அவனுக்கும் பதிலி கார்டுதான்.

கோப்பைப் போட்டியின் பைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரும்வே" என்றார். அந்த அறையில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஸ்பின்னிங்ல ஒரு பெர்மனென்ட் எடம் விழுந்திருக்கு. டீம்ல ஒருத்தனுக்குக் குடுத்துருன்னு மொதலாளி சொல்லிட்டாரு. நீரு இருக்கீரு. வாசுதேவநல்லூர்க்காரன் இருக்கான்."

"பதினாலு வருசமா ஓடுதேன் சார்."

"ஓடுனதை யாருவே இல்லைன்னா? இப்ப ஓடுதீரா? மொதலாளி அதத்தான் கேக்காரு."

"ஓடுதேன் சார்."

"அப்பம் பைனல்ல ஒரு கோல் போடும். நான் ஒம்ம பேரை எழுதிருதேன். அவன்கிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதீரும்."

நான் சொல்லவில்லை. அந்த இடம் தனக்கும் கிடைக்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. தினமும் என்னோடு பயிற்சிக்கு வந்தான், அண்ணாச்சி அண்ணாச்சி என்று பந்தை எனக்கே தந்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

பைனல் அன்று காலை எழுந்து பார்த்தால் முழங்கால் பனங்காய் அளவுக்கு இருந்தது. மடக்கினால் உயிர் போனது. எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண் எதையும் ஆற்றும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த நம்பிக்கை. தண்ணீர் விட்டுக் குழைத்து லேசாகப் பூசுவார்கள். எனக்கு லேசெல்லாம் போதாது. மத்தியானம் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் இருந்த மண்ணையெல்லாம் ஒரு சட்டியில் கொட்டிக் குழைத்தேன். விரல் கனத்துக்கு முழங்காலைச் சுற்றி அப்பினேன்.

என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள்.

"என்ன பண்ணுதிய?"

"கண்ணு தெரியலையா? மண்ணு போடுதேன்."

"அது தொட்டுப் பூசுத மண்ணுல்லா. செவுரு பூசுத மாதிரிப் பூசுதிய."

"வலி அப்படி இருக்கு."

"இன்னைக்கு ஆடலைன்னா என்ன?"

"ஆடலைன்னா எடம் அவனுக்கு."

பழைய சேலை ஒன்றை நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். நான் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று சொல்லச் சொல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிக் கட்டினாள். மேலே, ஆட்டக்காரர்கள் முழங்காலுக்குப் போடும் ரப்பர் முட்டுறையை மாட்டினேன். வீக்கம் வெளியே தெரியவில்லை. வலியும் பாதியாகக் குறைந்தது. சாமி என் பக்கம்தான் என்று நினைத்தேன்.

கோயில் மண்ணை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். அளவு தெரியாமல் அப்பியது நான். சாயங்காலம் நாலு மணி வெயிலில் கரிசல் மைதானத்தில் இறங்கினேன். கால் மணி நேரம் ஓடியதும் உடம்புச் சூடும் வெயிலும் சேர்ந்து மண்ணைச் செங்கல்லாக்கிவிட்டன. கால் மடங்கவில்லை. ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலைச் சுற்றி வீசி வீசி ஓடினேன்.

ஓரத்தில் நின்ற கூட்டம் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, மரக்காலு எந்தக் கடையில வாங்குனீரு?"

"ஏலே, அவரை அங்கனயே நட்டு வைங்கல. பந்தக்காலுக்கு ஆவும்."

பதினான்கு வருஷம் எனக்குக் கை தட்டிய வாய்கள் அவை. பாதி ஆட்டம் முடிந்தபோது கோல் இல்லை. வாசுதேவநல்லூர்க்காரன் என் பக்கத்தில் வந்து குத்தவைத்தான். முட்டுறைமேல் விரலால் தட்டிப் பார்த்தான். டொக்கென்று சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இது ஒறைஞ்சு போச்சு. அவுத்துரும். தண்ணி ஊத்துதேன்."

பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவிழ்த்தால் வீக்கத்தைப் பார்த்துவிடுவார்.

"ஒஞ்சோலியப் பாருல" என்றேன்.

அவன் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் தண்ணீர்ச் சொம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போனான்.

ஆட்டம் முடியச் சில நிமிஷம்தான் இருந்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது வலது ஓரத்திலிருந்து அவன் கிளம்பினான். ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனை ஏமாற்றினான், கோல்கீப்பர் ஒருத்தன்தான் பாக்கி. அவனே அடித்திருக்கலாம். எவனும் அடித்திருப்பான். அவன் என்னைப் பார்த்தான். பந்தை என் பக்கம் தள்ளினான். மடங்காத காலை இடுப்பிலிருந்து அப்படியே வீசினேன். உலக்கையில் பட்ட மாதிரிப் பட்டுப் பந்து உள்ளே போனது. என் வாழ்க்கையிலேயே அதைவிட அவலட்சணமான கோலை நான் போட்டதில்லை. ஆனால் கோல் கோல்தான். அன்றைய ஒரே கோலும் அதுதான். ஜெயித்தோம்.

ரெஃப்ரி விசில் ஊதியதும் பயல்கள் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவன் என் வலது காலைப் பிடித்துத் தன் தோளுக்கு வாகாக மடக்கினான். உள்ளே மண் வெடித்தது எனக்குக் கேட்டது. அலறிக்கொண்டு கீழே விழுந்தேன். முட்டுறை நழுவி, சேலைத் துணி அவிழ்ந்து, கட்டி கட்டியாக மண் கொட்டியது. மாலையோடு வந்த மேனேஜர் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கோல் போட்டுட்டேன் சார்" என்றேன்.

"பாத்தேன்வே" என்றார். மாலையைப் போட்டார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "காலையில டாக்டர் ரூமுக்கு வாரும். பெர்மனென்ட்டுன்னா அவரு கையெழுத்து வேணும்."

பேருக்கு நடக்கும் பரிசோதனை அது. நாக்கை நீட்டச் சொல்வார்கள், நெஞ்சைத் தட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு மட்டும் அப்படி நடக்காது என்று அவர் குரலிலேயே தெரிந்துவிட்டது.

காலையில் மில் வாசலிலிருந்து டாக்டர் அறை வரை நொண்டாமல் நடந்தேன். அந்த நூறு அடியை நான் எப்படி நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். டாக்டர் முழங்காலைத் தொடக்கூட இல்லை. மேனேஜர் சுவரோரம் நின்றார்.

"ஸ்பின்னிங்ல நூல் அந்துபோனா உக்காந்து உக்காந்து ஒட்டணும். தெரியும்லா?" என்றார் டாக்டர். "உக்காந்து எந்திரி."

உட்கார்ந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் உட்கார்ந்தேன். முழங்கால் பூட்டிக்கொண்டது.

"எந்திரிப்பா."

"இந்தா எந்திக்கேன் சார்."

உள்ளங்கையைத் தரையில் ஊன்றினேன். கால் வரவில்லை. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"நேத்து ஆடுன அலுப்பு சார். ரெண்டு நாள் டயம் குடுங்க. ஒரு நாள் குடுங்க."

"எந்திச்சிரும்வே" என்றார் மேனேஜர். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. கையை நீட்டினார். பிடித்தால் தீர்ந்தது என்று எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை. டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுதாதிய சார்" என்றேன். யாரிடமும் தலை குனியாதவன் நான். அன்றைக்குத் தரையிலிருந்து அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு அதையே மூன்று நாலு தடவை சொன்னேன்.

மேனேஜர் கதவைத் திறந்து வெளியே நின்ற வாட்ச்மேனிடம் வாசுதேவநல்லூர்க்காரனைக் கூட்டி வரச் சொன்னார். வாசலில் ஷிப்டுக்காக நின்றிருந்தவன் ஓடி வந்தான். என்னைத் தரையில் பார்த்ததும் வேறெதையும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, கழுத்தைப் பிடிச்சுக்கிடும்" என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தான்.

"நீ உக்காந்து எந்திரி" என்றார் டாக்டர்.

அவன் எதற்கென்று என்னைத்தான் பார்த்தான். நான் அப்போதும் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்தான், எழுந்தான். உட்கார்ந்தான், எழுந்தான்.

"எத்தனை தடவை சார்?" என்று கேட்டான்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.