வளைகாப்புக்குப் பின் காணாமல் போன தாய்மார்கள்

பணி ஓய்வு பெற்ற சுகாதாரப் பதிவு அதிகாரியான எனக்கு இரண்டே வேலைகள். காலையில் நடப்பது, பிறகு அடுத்தவர் பூர்த்தி செய்த படிவங்களில் குறை காண்பது. இரண்டாவதற்கு வேலை கொடுக்க, தாய்சேய் நல ஆய்வு செய்யும் டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். நாடு முழுவதுமுள்ள கர்ப்பகாலப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் இணைத்த தரவுத்தளத்தில் அவருக்கு வேலை. அதில் பெயர் கிடையாது. தாய்க்கு ஒரு குறியீடு, அவ்வளவுதான்.

"காஹாங் மாதிரி சின்ன ஊர்ப் பக்கம் நம்ம பொம்பளைங்க தலைப்பிள்ளைக்கு எட்டாம் மாசந்தான் கிளினிக்குக்கு வராங்க அங்கிள். வெள்ளிக்கிழமை அறிக்கை போவுது. விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு மண்டபம் புக் பண்ணியாச்சு. நீங்கதான் பேசணும்."

மேடை எனக்குக் கசக்காது. ஆனாலும் கேட்டேன். "ரெண்டாவது பிள்ளைக்கு?"

"அதே ஆளுங்க ஜேபி டவுன் கிளினிக்ல ரெண்டாம் மாசமே பதிஞ்சிடறாங்க. அதான் புரியல லா."

"உங்களுக்கு வளைகாப்பு எங்க நடந்துச்சு டாக்டர்?"

"ஜேபியில. அப்புறம் அம்மா வீட்டுக்கு..." பாதியில் நிறுத்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தார்.

விஷயம் இதுதான். ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், முதல் மாதங்களில் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போன பெண், வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறாள். அங்குள்ள கிளினிக் புதுப் பதிவு போடுகிறது. பழைய பதிவு, பிரசவம் எழுதப்படாமல் அப்படியே கிடக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு வளைகாப்பும் இல்லை, தாய்வீட்டுப் பயணமும் இல்லை.

"பிரசவம் இல்லாததெல்லாம் அரைகுறைப் பதிவுன்னு நானே தூக்கிட்டேனே அங்கிள்."

இவர்கள் அலட்சியக்காரர்கள் என்று அறிக்கை சொல்லியிருக்கும். நானும் மேடையேறி, கிளினிக்குக்குத் தவறாமல் போன பெண்களுக்குப் புத்திமதி சொல்லியிருப்பேன்.

மாறி வரும் தாய்க்குப் புதுப் பதிவு போடும்படி அந்தக் காலத்தில் மாவட்டத்துக்குச் சுற்றறிக்கை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. காப்பி ஆறும்வரை பொறுத்திருந்து, எழுதியது நான்தான் என்று நானே சொன்னேன். எங்கள் ஊர் லாயாங் லாயாங்குக்குப் பிரசவத்துக்கு வந்த என் மகளையும் அந்த விதிப்படியே புதிதாகப் பதியச் சொன்னவன் நான். கணக்குப்படி அவளும் தாமதமாக வந்தவள்.

டாக்டரம்மா சிரித்து முடிக்கச் சற்று நேரமானது. நீக்கிய பதிவுகளைத் திரும்பச் சேர்த்து, ஒரே குறியீட்டின் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கினார். தாமதக்காரிகளில் பெரும்பாலோர் வியாழன் மாலைக்குள் காணாமல் போனார்கள்.

"மண்டபத்த கேன்சல் பண்ணல அங்கிள். நர்ஸுங்களுக்குப் பேசுங்க, மாறி வந்த தாய எப்படிப் பதியணும்னு. சுற்றறிக்கை யாரு எழுதினதுன்னும் சொல்லிடுங்க."

மகள் முன்வரிசையில் உட்காரப் போகிறாளாம். இந்த முறை கூட்டத்துக்கு அவள் சீக்கிரமே வருவதை நானே பதிவில் எழுதிக்கொள்ள வேண்டுமாம்.