பாபிர்யேவுக்கு அனுமதி இல்லை

மசாகாவில் கோழிக்குஞ்சு விற்கிற நகாட்டோவுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எரிச்சல்தான். அவளுக்கு அரைமணி நேரம் முன்னால் பிறந்த இரட்டை, பாபிர்யே. எங்கள் பக்கம் இரட்டைப் பெண்களில் முதலில் வந்தவள் பாபிர்யே, பின்னால் வந்தவள் நகாட்டோ. பெயரே வரிசையைச் சொல்லிவிடும். பால் முதலில் அவளுக்கு, புதுச் செருப்பு முதலில் அவளுக்கு. அதைக்கூட நகாட்டோ பொறுத்துக்கொண்டாள். பெண் கேட்டு வந்த அன்று, இப்போது அவள் புருஷனாக இருக்கிற கிகுண்டு வாயைத் திறந்து சொன்ன பெயரும் பாபிர்யே! அதைத்தான் பதினோரு வருடமாக விழுங்க முடியவில்லை.

"சர்ச் பூசையில உன்னைத்தான் பாத்தேன். பேரை எவனோ மாத்திச் சொல்லிட்டான்" என்று அவன் சொல்லாத மாதமில்லை. அவள் நம்பிய மாதமும் இல்லை.

கிகுண்டு கணினி வேலைக்காரன். குஞ்சு கேட்பவர்கள் போனிலேயே பதிந்துகொள்ள மனைவிக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தான். யாருக்கு எத்தனை குஞ்சு, எந்தக் கிழமை என்பதெல்லாம் பக்கத்துக்குப் பின்னால் டேட்டாபேஸில் கிடக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை. லுகாயாவிலிருந்து லுதாயா என்கிற வாடிக்கைக்காரர் கூப்பிட்டார்.

"நகாட்டோ அம்மா, குஞ்சு கேக்கலாம்னு பக்கத்தைத் தொறந்தா உங்க அக்கா பேரு வருது! அவங்களை யாரு வாசல்ல நிறுத்தினது?"

அவளும் திறந்து பார்த்தாள். வெள்ளைத் திரையில் இங்கிலீஷில் ஒரே வரி. பயனர் பாபிர்யேவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடவுச்சொல் கொடுத்தாரா, ஆம்.

மறுக்கப்பட்டது என்பதில் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தது. அந்த "ஆம்"தான் சுட்டது.

கிகுண்டு மட்டோக்கே என்கிற வாழைக்காய் மசியலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கிராபோ அப்பா, எங்க அக்காகிட்ட ரகசியச் சொல்லு இருக்காமே?" பிள்ளை பெயரைச் சொல்லித்தான் புருஷனைக் கூப்பிடுவாள்.

"என்ன சொல்லு?"

"ஊரே படிச்சாச்சு, ஐயாவுக்குத் தெரியாது! எனக்குக் குடுக்காததை அவளுக்குக் குடுத்திருக்கீங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்." சொன்ன கையோடு துணியை மூட்டை கட்டிவிட்டாள்.

அவன் போனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அது ஆளே இல்லடி. பக்கம் போய் டேட்டாபேஸ் கதவைத் தட்டணும்னா ஒரு பேரும் கடவுச்சொல்லும் வேணும். நேத்து டேட்டாபேஸ்ல சொல்லை மாத்தினேன், பக்கத்துல மாத்த மறந்துட்டேன். பழைய சொல்லை வெச்சுக்கிட்டு நிக்குது, உள்ள விடல."

"பழைய சொல்லா?" அது அவளுக்குப் பிடித்திருந்தது. "சரி, பேரு ஏன் அவ பேரு?"

"ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தட்டணும். விரட்டினாலும் திரும்ப வந்து நிக்கணும். அதுக்கு உன் பேரையா வைப்பேன்?"

"வாய் நல்லாத்தான் இருக்கு." மூட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவன் புதுச் சொல்லைப் போட்டதும் பக்கம் எழுந்துகொண்டது. பிறகு உட்கார்ந்து நிஜமான தப்பைத் திருத்தினான்.

"உள்விஷயத்தை வெளியாளுக்குக் காட்டினதுதான் என் தப்பு. இனிமே இணைப்புக் கிடைக்கலன்னா, வந்தவங்களுக்கு 'கொஞ்சம் பொறுங்க, குஞ்சு பத்திரமா இருக்கு'ன்னு மட்டும் வரும். உண்மையான பிழை தனியா ஒரு பதிவுல ஏறும். அதை நான் மட்டும்தான் படிப்பேன்."

வந்ததே கோபம் அவளுக்கு! "இதுவரைக்கும் ஊரறிய இருந்தது. இனிமே நீங்க மட்டும் ஒளிச்சு வெச்சுப் படிப்பீங்களோ?"

"அம்மா தாயே, பேரையே மாத்திடறேன். சேவல்னு வெச்சுடறேன், போதுமா?"

நகாட்டோ யோசித்தாள். மூட்டை மெதுவாகக் கீழே இறங்கியது.

"வேணாம். அவ பேரே இருக்கட்டும். ஆனா அந்தப் பதிவு என் போனுக்கு வரணும். முதல்ல எனக்கு, அப்புறம்தான் உங்களுக்கு."

அப்படியே செய்து கொடுத்தான். இப்போதெல்லாம் டேட்டாபேஸ் உள்ளே விடாவிட்டால் ஊருக்குப் போவது மரியாதையான நாலு வார்த்தை. நகாட்டோவின் போனில் மட்டும் பாபிர்யேவுக்கு அனுமதி இல்லை என்று வரும். ஒருமுறை படிப்பாள், இன்னொரு முறை படிப்பாள், அதன்பிறகுதான் புருஷனைக் கூப்பிடுவாள்.

"உடனே சொன்னா ரெண்டு நிமிஷம் முன்னாடியே சரிபண்ணியிருப்பேனே" என்று அவன் அலுத்துக்கொள்வான்.

"அந்த ரெண்டு நிமிஷமாவது அவ வாசல்ல நிக்கட்டும்" என்பாள்.