திருவனந்தபுரத்தில் இறங்கிய மாப்பிள்ளை

விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பவனிடம் யாரும் விமானத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஆள் எப்போது வீடு வந்து சேர்வான் என்றுதான் கேட்பார்கள். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஏற்றமும் இறக்கமும்

மகனுக்குத் துபாய் டிக்கெட் எடுக்க வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். போகிற டிக்கெட்டில் ஏறும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் இடையே இரண்டரை மணி நேரம், வருகிற டிக்கெட்டில் ஐந்தரை. வழியில் எங்கேயோ இறக்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். தூரம் ஒன்றுதான், இரண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான், அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எழுந்தார்.

"போகும்போது எறக்கம், வரும்போது ஏத்தம். நம்ம ஆரியங்காவு மலை ரோடு மாதிரின்னு சொல்லிட்டுப் போங்களேன் அண்ணாச்சி."

மாமாவின் கணக்கு

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அன்சாரிக்கு நிக்காஹ். இரண்டு முறை லீவு கிடைக்காமல் தள்ளிப்போனது. இந்த முறை மதியம் லுஹர் தொழுகைக்கு முன் மாப்பிள்ளை வரவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். கம்பெனி லீவு கொடுத்ததோ கடைசி நேரத்தில். கல்யாணத்தன்று காலை ஏழரைக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானம்தான் கிடைத்தது. அங்கிருந்து மலைப்பாதை வழியாக எங்கள் ஊருக்கு மூன்று மணி நேரக் கார்ப் பயணம்.

அவனுடைய மாமா டிக்கெட்டைப் பார்த்தார். ஏழரை என்பது ஷார்ஜா நேரம் என்று நினைத்து ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டினார். ஒன்பதுக்கு இறங்கினால் எங்கே வந்து சேர்வது என்று பெண் வீட்டுக்குப் போன் போடப் போனார். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம்தான் என்று அவர் போனைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். அவர் முழுதாக நம்பவில்லை.

"உன் கணக்குல மாப்பிள்ளை வரலேன்னா, மேடையில உன்னைத்தான் உக்கார வைப்பேன் தம்பி."

அரிசி போடும் நேரம்

மறுநாள் பிரியாணி சமையல்காரர் கடைக்கு வந்தார். நிக்காஹ் முடிந்ததும் பந்தி. மாப்பிள்ளை வரும் நேரத்தை வைத்துத்தான் அவர் தம் போட வேண்டும். ஏழரை என்றேன். கையை வீசி அதைத் தள்ளினார்.

"பிளேன் எறங்குத நேரம் எனக்கு எதுக்கு வே? வண்டி மலை மேல கோட்டைவாசல் தாண்டுத நேரத்தைச் சொல்லும், அரிசியைப் போடுதேன்."

மீதி வழி

கல்யாணத்தன்று விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. நான் டீ குடிக்கப் போனேன். அப்போது மாமா கூப்பிட்டார்: மலைப்பாதை வளைவில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது, மாப்பிள்ளை கார் அதற்குப் பின்னால். இந்தப் பக்கம் குற்றால சீசன் கார்கள் வரிசையாக நிற்கின்றன.

தேதி தள்ளிப்போனபோதெல்லாம் அதிகம் கோபப்பட்டவன் பெண்ணின் தம்பி. அவன் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அன்சாரி பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டு, லாரியைச் சுற்றி நடந்து வந்து, அவன் பின்னால் ஏறிக்கொண்டான். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன் பள்ளிவாசல் முன்னால் இருவரும் சாரலில் நனைந்து இறங்கினார்கள். இரவல் சட்டையில் நிக்காஹ் நடந்தது.

பந்தியில் மாமா எனக்கு இன்னொரு துண்டு கறி வைக்கச் சொல்லிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஷார்ஜா பக்கத்துலதான் இருக்கு தம்பி. நம்ம தெருதான் தூரம்."

நான் விற்பது பாதி வழிக்கான டிக்கெட்தான். மீதிக்கு யாராவது பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்ற தைரியத்தில் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன்.