பிஸ்கட்டுக்குப் போட்ட மருந்துக் கவர்

1. எங்கே வைப்பது

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பிஸ்கட் கம்பெனியில் தாம்பரம் லைன் சேல்ஸ்மேனாகச் சேர்ந்த முதல் நாள், ஏரியா மேனேஜர் ஒரு புது பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். கோதுமைக் கதிர் படம். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் மைதா, வனஸ்பதி.

"இத மளிகைக் கடையில வச்சா பிஸ்கட். மெடிக்கல் ஷாப்ல வச்சா மருந்து. புரியுதா?" என்றார்.

நன்றாகவே புரிந்தது. என் கேடுகாலம்.

2. சூரியன், நிலா

சேலையூரில் சம்பந்தம் சார் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். ஊர்க்காரர், பரம்பரை நிலத்தை மனை போட்டு விற்று வைத்த கடை. "யோவ், மாத்திரை விக்கிற எடத்துல பிஸ்கோத்தா? சிரிப்பாங்கய்யா" என்று ஒரு மாதம் என்னை விரட்டினார்.

மாத்திரையைச் சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவது அவர் வழக்கம். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கவர் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து, வேளைக்கு எத்தனையோ அத்தனை கோடு இழுப்பார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. பாக்கெட்டைப் பிரித்து, நாலு பிஸ்கட்டைக் கவரில் போட்டு, சூரியனுக்குக் கீழே இரண்டு கோடு, நிலாவுக்குக் கீழே இரண்டு கோடு.

"முழு பாக்கெட்னா யோசிப்பாங்க சார். இத வாங்குவாங்க பாருங்க."

வாங்கினார்கள். கம்பெனி மீட்டிங்கில் எனக்குக் கைதட்டினார்கள். நானும் வெட்கங்கெட்டுப்போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கடலோரக் குப்பத்திலிருந்து வந்து சேலையூரில் தெருத்தெருவாக மீன் விற்பவர் கன்னியம்மா. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவர், கவுண்டரில் இருந்த கவரைப் பார்த்தார்.

"இது இன்னாபா தம்பி?"

"சுகர்காரங்களுக்குன்னே செஞ்சது அக்கா. தெனம் சாப்பிடுங்க, சுகர் ஏறவே ஏறாது."

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்னேன். ஏறுமா இறங்குமா, எனக்கு என்ன தெரியும்? எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், அவ்வளவுதான்.

ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "கேவுரு களியும் கீரையும் துன்னு துன்னு நாக்கு செத்துப்பூட்சு. இது நல்லாகீதே!" என்று சிரித்தார். அன்றிலிருந்து தினமும் கவர் வாங்கினார். மாத்திரை வாங்குவது நின்றுபோனதை சம்பந்தம் சாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

3. வார்டு

நாலைந்து மாதம் போயிருக்கும். கடைக்குள் கால் வைத்ததும் சம்பந்தம் சார் சொன்னார்: "கன்னியம்மாவ கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கய்யா. மீன் முள்ளு குத்தின புண்ணு, ஆறவே இல்லியாம். கால எடுக்கணும்ன்றாங்க."

மறுவாரம்தான் போகத் துணிந்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. கூடையைச் சுமந்து நடந்தால்தான் அந்த வீட்டில் சோறு.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா அக்கா?"

"அது எதுக்குபா? அதே கட, அதே கவரு, அதே மாரி சூரியன், நெலா. ரெண்டு மருந்து ஒண்ணா துன்னா ஒத்துக்காதுன்னுட்டு பழச வுட்டுட்டேன். களியும் வுட்டுட்டேன்."

மருந்துக் கடைக் கவரில் கோடு போட்டுத் தந்தால் மருந்து என்றுதானே நினைப்பார்? இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உடம்புக்கு நல்லது என்று சொல்லி எதை விற்றாலும், அதை நம்பி அவர்கள் எதை விடப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டையில் அச்சடித்தது பொய்யில்லை என்று கம்பெனி தப்பித்துக்கொள்ளும். கம்பெனிக்கென்ன, வார்டில் போய் நிற்கப் போவது நீங்கள்தான்.

கிளம்பும்போது கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு வேள கூட தப்பாம துன்னேன் தம்பி. நா எங்கபா தப்பு பண்ணேன்?"

என் தப்புதான் அக்கா என்று சொல்ல நாக்கு எழவில்லை. "டாக்டர கேளுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.